நூற்று எண்பத்தேழாவது படம்

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு வேண்டாம். கோவில்பட்டி தாண்டினா கயத்தாறு வரும் பாருங்க, ரெண்டு பக்கமும் காத்தாலையா நிக்கும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. ஏன்னு அப்புறம் சொல்றேன். இல்ல இல்ல, இந்தப் பை மடியிலயே இருக்கட்டும். மேல வெச்சா வளைஞ்சிரும். ஸ்கேன் படம். சிடியும் உள்ள இருக்கு. என் வீட்டம்மாவோடது.

நீங்க வள்ளியூரா? நான் திருநெல்வேலி வரைக்கும்தான். பாளையங்கோட்டையில ஒரு டாக்டரம்மாகிட்ட இதைக் காட்டணும்.

திருச்சியில டாக்டரே இல்லையான்னு நினைக்கிறீங்க. தடுக்கி விழுந்தா டாக்டர்தான் சார் எங்க ஊர்ல. ஆனா இந்தம்மா மாதிரி படம் பார்க்கிறவங்க கிடையாது. அது எனக்கு எப்படித் தெரியும்னா, அது ஒரு பெரிய கதை. நீங்க ரிட்டயர் ஆனவரா? எதுல? தபால் ஆபீஸா! அட, அப்ப உங்களுக்குச் சொன்னா சட்டுனு புரியும். என் மாமனாருக்குப் பன்னெண்டு வருஷமாச் சொல்றேன், இன்னும் என்னைக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவன்னுதான் அக்கம்பக்கத்துல சொல்லிட்டு இருக்கார்.

என் பேரு செங்குட்டுவன். திருச்சியில ஒரு கம்பெனி. வரதன் சார்னு ஒருத்தர் நடத்தறார். ஊர் ஊரா ஸ்கேன் சென்டர் இருக்கு பாருங்க, அங்க எடுக்கிற படமெல்லாம் எங்க கம்பெனி பக்கத்துக்கு வந்துரும். பக்கம்னா இன்டர்நெட்ல திறக்கிற பக்கம். டாக்டருங்க அவங்கவங்க வீட்டுல உக்காந்து பிரவுசர்ல அதைத் திறந்து, படத்தைப் பார்த்து, ரிப்போர்ட் எழுதுவாங்க. ஒரு ஆளோட நெஞ்சு ஸ்கேன்னா ஒரே படம் இல்ல சார். முன்னூறு படம். ரொட்டியைத் துண்டு போட்ட மாதிரி, மேல இருந்து கீழ வரைக்கும்.

இதுல என் வேலை என்னன்னா, டாக்டர் என்ன பண்ணாங்கன்னு அந்தப் பக்கமே எங்களுக்குச் சொல்லணும். எந்தப் படத்தை எத்தனை நொடி பார்த்தாங்க, எதைப் பெருசு பண்ணிப் பார்த்தாங்க, எதுக்குத் திரும்பி வந்தாங்க, எல்லாம். அதுக்குப் பேரு லாக். அந்த ஏற்பாடு முழுக்க முழுக்க நான் கட்டினது. பெருமைக்குச் சொல்லலை, உள்ளதைச் சொல்றேன்.

அது எப்படி வரும்னா, லெட்டர் மாதிரிதான். பக்கம் திறந்த நேரமும் கையெழுத்துப் போட்ட நேரமும் எங்ககிட்ட உடனே பதிவாகிரும். மத்ததெல்லாம் டாக்டர் பார்க்கப் பார்க்க அந்தப் பக்கம் ஒரு பையில சேர்த்துக்கிட்டே இருக்கும். முடிச்சுட்டு 'அடுத்த நோயாளி'ன்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கினா பையில உள்ளதெல்லாம் ஒரு லெட்டராகி எங்க சர்வருக்கு வந்துரும். பட்டனை அமுக்காம, மூலையில இருக்கிற எக்ஸை அமுக்கிப் பக்கத்தையே மூடிட்டாங்கன்னு வைங்க, அதுக்கும் வழி இருக்கு. பக்கம் சாகப்போற நேரத்துல கடைசியா ஒரே ஒரு லெட்டர் போடறதுக்கு பிரவுசர் இடம் குடுக்கும். போட்டுட்டு மூடிக்கும். அதையும் நான்தான் எழுதினேன்.

எல்லாம் ஒழுங்காத்தான் சார் ஓடிக்கிட்டு இருந்துச்சு. போன வருஷத்துக்கு முந்தின டிசம்பர்ல பாதுகாப்புச் சோதனைக்குன்னு ஒரு குரூப் வந்தாங்க. 'என்ன சார், உங்க பெட்டியில யார் வேணாலும் லெட்டர் போடலாம் போலிருக்கே'ன்னு கேட்டாங்க. வரதன் சாருக்கு மூஞ்சி தொங்கிருச்சு. ஜனவரி ஆறாம் தேதி நான் ஒரு சட்டம் போட்டேன். இனிமே வர்ற ஒவ்வொரு லெட்டர்லயும் உறை மேல எங்க ரகசிய நம்பர் இருக்கணும். உறை மேல எழுதறதை நாங்க ஹெட்டர்னு சொல்லுவோம். நம்பர் இல்லாத லெட்டர் நேரா ரிஜெக்ட் பெட்டிக்குப் போயிரும். நல்ல சட்டம் சார். இன்னிக்கும் சொல்றேன், நல்ல சட்டம்.

என்ன சொன்னீங்க? ஸ்டாம்ப் ஒட்டாத லெட்டரைக்கூட நீங்க தூக்கிப் போடமாட்டீங்களா? கொண்டுபோய்க் குடுத்துட்டு, வாங்கறவங்ககிட்ட ரெண்டு மடங்கு வசூல் பண்ணுவீங்களா? சரிதான். அது கவர்மென்ட்டு சார். எங்களுக்கு அதுக்கெல்லாம் நேரம் ஏது?

சோதிச்சுப் பார்த்தேன் சார், சோதிக்காம விடுற ஆள் நான் இல்ல. எங்ககிட்ட அதுக்குன்னு ஒரு கருவி உண்டு, பிரவுசர் இல்லாமலே லெட்டர் தயார் பண்ணி அனுப்பும். அதுல பட்டன் லெட்டர் ஒண்ணு, மூடுற லெட்டர் ஒண்ணு, ரெண்டுலயும் உறை மேல நம்பரைப் போட்டு அனுப்பினேன். ரெண்டும் வந்து சேர்ந்துச்சு. பச்சை டிக். எங்க ஆபீஸ்ல ஹாஜிரான்னு ஒரு பொண்ணு, தப்பு கண்டுபிடிக்கிறதுதான் அதோட வேலை, சம்பளமே அதுக்குத்தான். அது வந்து கேட்டுச்சு. "செங்குட்டுவன், நிஜ பிரவுசர்ல திறந்து எக்ஸை அமுக்கிப் பார்த்தீங்களா?" நான் சொன்னேன், "கருவியில வந்தா பிரவுசர்லயும் வரும் ஹாஜிரா. ரெண்டும் ஒரே லெட்டர்தான்." எங்க தொழில்ல எல்லாரும் அப்படித்தான் சார் சோதிப்பாங்க. நீங்க யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

ரிஜெக்ட் பெட்டியில லெட்டர் விழுந்தா என் போன்ல மணி அடிக்கிற மாதிரி வெச்சிருந்தேன். மொத நாள்லயே டிங் டிங்னு நூறு தடவை அடிச்சுது. சாப்பிட விடலை. திருட்டுப் பசங்க வெளியில இருந்து கதவைத் தட்டறானுங்க, நம்ம சட்டம் வேலை செய்யுதுன்னு எனக்குச் சந்தோஷம். மணியை நிறுத்திட்டேன்.

கோவில்பட்டி வந்துருச்சா? கடலை மிட்டாய் வேணுமா சார்? எனக்கு வேண்டாம், தொண்டையில இறங்காது. வீட்டுல தேன்மொழி ரெண்டு மாசமா இருமிக்கிட்டே இருக்கா. அவ இருமலைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சாப்பாடே வேண்டாம்னு ஆயிருச்சு.

இந்த டாக்டரம்மா பேரு பிலோமினா. எங்க கம்பெனிக்குப் பாளையங்கோட்டையில இருந்து படம் பார்த்துக்கிட்டு இருந்தவங்க. அம்பது வயசு இருக்கும். வரதன் சாருக்கு அவங்களைக் கண்டாலே ஆகாது. மத்த டாக்டருங்க ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பார்த்தா இவங்க பதினெட்டுதான் பார்ப்பாங்க. "இந்தம்மா படம் பார்க்குதா, பாராயணம் பண்ணுதா"ன்னு கேப்பார். நாங்களும் சிரிப்போம். அந்த டிசம்பர் கடைசியில அவங்க வீட்டுக்காரர் செத்துப்போனார். ஒரு மாசம் லீவு. முப்பதாம் நாள் பூசை முடிச்சுட்டு பிப்ரவரி மொத வாரம் திரும்ப வேலைக்கு வந்தாங்க.

பிப்ரவரி பதினொண்ணாம் தேதி சங்கரபாண்டியன்னு ஒருத்தரோட நெஞ்சு ஸ்கேன் அவங்ககிட்ட போச்சு. நாப்பத்தொரு வயசு. விடாத இருமல். டாக்டரம்மா 'பயப்படும்படி ஒண்ணுமில்ல'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. செப்டம்பர்ல அந்த ஆளுக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தா, நுரையீரல்ல எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. பழைய படத்தை எடுத்துத் தேடினாங்க. நூத்தி எண்பத்தேழாவது படத்துல, மிளகு அளவுக்கு ஒரு புள்ளி அப்பவே இருந்திருக்கு.

அந்தா, இடது பக்கம், தெரியுது பாருங்க காத்தாலை. அந்த ஆளு அதுலதான் வேலை பார்த்தார். மேல ஏறி ரிப்பேர் பண்ற வேலை. இப்பத் தெரியுதா நான் ஏன் ஜன்னல் ஓரம் வேண்டாம்னேன்னு? நான் அவரைப் பார்த்ததுகூட இல்ல சார். எனக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இருந்தாலும் பார்க்கப் பிடிக்கலை.

அக்டோபர்ல விசாரணை வெச்சாங்க. அந்த ஸ்கேன் சென்டர் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்காரங்களோடது, அவங்க வெச்ச விசாரணை. நல்லாக் கேட்டுக்குங்க, இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. பார்த்தும் தவறவிடறது வேற, பார்க்காமலே கையெழுத்துப் போடறது வேற. வெளியூர்ல இருந்து வந்த பெரிய டாக்டர் ஒருத்தர் சொன்னார், "அந்தப் புள்ளி ரத்தக்குழாய் மாதிரித்தான் இருக்கு. கவனமாப் பார்க்கிறவங்களும் தவறவிடலாம். ஆனா பார்த்திருக்கணும்." அதனால கேள்வி ஒண்ணுதான். பார்த்தாங்களா, இல்லையா? அதுக்கு என் லாக்கைக் கேட்டாங்க.

வீடியோவுல விசாரணை. நான் திருச்சி ஆபீஸ்ல இருந்து பேசினேன், கேமராவை நிறுத்தி வெச்சிருந்தேன், டெக்னிக்கல் ஆளுங்க மூஞ்சி யாருக்கு வேணும்? லாக்கை வாசிச்சேன். பத்து மணி ரெண்டு நிமிஷத்துக்குப் பக்கம் திறந்தது. பத்து இருபத்தஞ்சுக்குக் கையெழுத்து. நடுவுல பார்த்த படங்கள், பூஜ்யம். ஒரு படம்கூட நகரலை. திறந்து வெச்சுட்டு வேற எங்கேயோ எழுந்து போய், திரும்பி வந்து கையெழுத்துப் போட்ட மாதிரி. பிப்ரவரியில இருந்து செப்டம்பர் வரைக்கும் அந்தம்மா பேர்ல எல்லா நாளும் அதே பூஜ்யம். டிசம்பருக்கு முன்னாடி எடுத்துப் பார்த்தா ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம், இருபத்தஞ்சு நிமிஷம். புருஷன் செத்ததுக்கு அப்புறம் பூஜ்யம். "பாவம், மனசு விட்டுப்போச்சு போல"ன்னு விசாரணையில ஒருத்தர் சொன்னார். கச்சிதமாப் பொருந்துச்சு சார். எங்க யாருக்குமே சந்தேகம் வரலை.

அந்தம்மா கத்தலை, அழலை. சொன்னதையே சொன்னாங்க. "நான் பார்த்தேன். இந்தப் படம் எனக்கு ஞாபகம் இருக்கு. அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனேன். ரத்தக்குழாய்னு முடிவு பண்ணேன். என் முடிவு தப்பா இருக்கலாம், அதுக்கு என்ன தண்டனை வேணாலும் குடுங்க. ஆனா நான் பார்த்தேன்." அப்புறம் அவங்களா இன்னொண்ணும் சொன்னாங்க. "பல வருஷம் முன்னாடி ஒருத்தரோட ரிப்போர்ட்டை இன்னொருத்தர் பேர்ல எழுதிட்டேன். அதுல இருந்து எனக்கு ஒரு பழக்கம். ஒரு ஆளைப் பார்த்து முடிச்சதும் அந்தப் பக்கத்தை மூடிருவேன். புதுசாத் திறந்துதான் அடுத்தவங்களைப் பார்ப்பேன்."

அது என் காதுல விழுந்துச்சு சார். விழாமலா? மண்டையில ஏறலை.

விசாரணை பண்ணவர் என்னைக் கேட்டார், "மிஸ்டர் செங்குட்டுவன், இந்த லாக் தப்பா இருக்க வாய்ப்பு இருக்கா?" நான் சொன்னேன், "சார், வந்ததெல்லாம் பதிவாகியிருக்கு. பதிவானதைத்தான் வாசிச்சேன்." இதுல ஒரு வார்த்தை பொய் உண்டா? நீங்களே சொல்லுங்க. இன்னிக்கும் அந்த வாக்கியத்தை எடுத்து வெச்சுப் பாருங்க, எழுத்துக்கு எழுத்து உண்மை.

ஹாஜிராதான் குறுக்க வந்துச்சு. விசாரணையில இல்ல, எங்க ஆபீஸ்ல. அந்தம்மா எழுதின ரிப்போர்ட்டையெல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டு வந்து நின்னுச்சு. "எட்டு மாசத்துல முப்பத்தோரு பேருக்குப் புத்துநோய் இருக்குன்னு இவங்க கண்டுபிடிச்சிருக்காங்க. அத்தனையும் சரியா இருந்திருக்கு. படமே பார்க்காம எப்படி செங்குட்டுவன்? ஜோசியமா?" வரதன் சார் சொன்னார், "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாச்சு. கேக்காத கேள்விக்கு நாம ஏன் போகணும்?" அது என்னைப் பார்த்துச்சு. "அந்த ரிஜெக்ட் பெட்டியையாவது ஒரு தடவை திறந்து பாருங்களேன்"ன்னுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது குப்பை ஹாஜிரா. லாக்ல இல்லன்னா இல்ல." நவம்பர்ல அது வேலையை விட்டுட்டுப் போயிருச்சு. போகும்போது எல்லாருக்கும் மிட்டாய் குடுத்துச்சு, எனக்குக் குடுக்கலை. திமிரு.

அந்தம்மாவை நிறுத்திட்டாங்க. விஷயம் மெடிக்கல் கவுன்சிலுக்குப் போய், ரெண்டு வருஷத்துக்கு டாக்டர் தொழிலே பார்க்கக் கூடாதுன்னு தடை. பேப்பர்ல வேற, 'படத்தைப் பார்க்காமலே ரிப்போர்ட்'னு கொட்டை எழுத்துல போட்டான். அந்த ஆளு சங்கரபாண்டியன் நவம்பர்லயே போய்ச் சேர்ந்துட்டார். கருமாதி முடிஞ்ச மறுநாள் அவர் பொண்டாட்டி பாளையங்கோட்டைக்கு வந்து, டாக்டரம்மா வீட்டு வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்துச்சாம். "என் புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமக் கொன்னுட்டியே"ன்னு. அந்தம்மா வெளியில வந்து, அது முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்னாங்களாம். அப்புறம் அதுக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்களாம். வாங்கலை. இதெல்லாம் வரதன் சார்தான் சொன்னார். அவருக்கு எல்லா ஊர்லயும் ஆள் உண்டு.

சரி, இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். இந்த வருஷம் ஜனவரி பத்தொன்பதாம் தேதி. சர்வர் மாத்தற வேலை. மாத்தினதுக்கு அப்புறம் எல்லாம் வருதான்னு பார்க்க நானே நிஜ பிரவுசர்ல பக்கத்தைத் திறந்தேன். பொம்மை நோயாளி ஒருத்தரோட படத்தை நாலு தடவை உருட்டினேன். பட்டனை அமுக்கச் சோம்பல், எக்ஸை அமுக்கினேன். லாக்கைப் பார்த்தா, திறந்தது மட்டும் இருக்கு. பார்த்த படங்கள், பூஜ்யம்.

மறுபடி திறந்தேன், மறுபடி மூடினேன். பூஜ்யம்.

அப்புறம்தான் பிரவுசர்காரங்க எழுதி வெச்சிருக்கிறதைத் தேடிப் படிச்சேன். நாலே வரி. பக்கத்தை மூடும்போது போடற அந்தக் கடைசி லெட்டர்ல, உறை மேல நாம நம்ம கைப்பட எதுவும் எழுத முடியாது. உள்ள என்ன வேணாலும் வைக்கலாம். உறை மேல பிரவுசர் எழுதறதுதான் எழுத்து. நான் சொன்ன ரகசிய நம்பரை அது கண்டுக்கவே இல்ல. உறை வெறுமனே வந்திருக்கு. என் சட்டப்படி ரிஜெக்ட். என் கருவி பிரவுசர் இல்லையா, அதுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அது எழுதச் சொன்னதை எழுதி அனுப்பிருச்சு, பச்சை டிக் போட்டுருச்சு. இதை யார்கிட்ட போய்ச் சொல்ல? பிரவுசர்காரன் என்னைக் கேட்டா அந்தச் சட்டத்தைப் போட்டான்?

மத்த டாக்டருங்களுக்கு ஒரு நாளைக்குக் கடைசி ஆளு ஒண்ணுதான் போயிருக்கும், மத்ததெல்லாம் பட்டன்ல வந்துரும். அது யார் கண்ணுலயும் படலை. ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தை மூடற ஆள் அறுபது டாக்டர்ல ஒருத்தர்தான் சார். ஒருத்தரே ஒருத்தர்.

இப்ப நீங்க சொன்னீங்களே, முகவரி இல்லாத லெட்டரையெல்லாம் திறந்து பார்க்கிறதுக்குன்னே உங்க டிபார்ட்மென்ட்ல தனியா ஒரு ஆபீஸ் உண்டுன்னு. எங்ககிட்டயும் அந்தப் பெட்டி இருந்துச்சே. எதையும் அழிக்கலை, ஒரு வருஷம் வரைக்கும் அப்படியே இருக்கும், அப்புறம் தானா அழியும். திறந்து பார்க்க ஆள்தான் இல்ல. அன்னிக்கு நான் திறந்தேன். முப்பதாயிரம் லெட்டருக்கு மேல. அதுல மூவாயிரத்துச் சொச்சம் பாளையங்கோட்டையில இருந்து வந்தது.

பிப்ரவரி பதினொண்ணுக்குப் போனேன். பத்து மணி ரெண்டு நிமிஷம். இருந்துச்சு சார். இருபத்திரெண்டு நிமிஷம் நாப்பது நொடி. முன்னூத்திப் பன்னெண்டு படம், ஒண்ணு விடாமப் பார்த்திருக்காங்க. நூத்தி எண்பத்தேழாவது படத்துக்கு மட்டும் நாலு தடவை திரும்பி வந்திருக்காங்க. பெருசு பண்ணி, மேல கீழ உருட்டி, கடைசித் தடவை மட்டும் மூணு நிமிஷம் அதையே பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க. புருஷனைப் புதைச்சு நாப்பத்தஞ்சு நாள் ஆகலை சார். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தனோட நெஞ்சுல மிளகு மாதிரி ஒரு புள்ளியை மூணு நிமிஷம் பார்த்திருக்காங்க.

என்ன பண்ணேனா? சொன்னேன் சார், சொல்லாம இருப்பேனா? வரதன் சார்கிட்ட சொன்னேன். அவர் கதவைச் சாத்திட்டுக் கேட்டார், "இதைப் பத்தி யாராவது கேட்டாங்களா?" "இல்ல சார்." "விசாரணை முடிஞ்சுபோச்சா?" "முடிஞ்சுது சார்." "அந்த ஆஸ்பத்திரி ஒப்பந்தம் மார்ச்ல புதுப்பிக்கணும். நம்ம ஆபீஸ்ல நூத்தி நாப்பது குடும்பம். நீ என்ன நினைக்கிறே?" நான் என்னத்தை நினைக்கிறது? போய்ச் சரி பண்ணேன். ரகசிய நம்பரை உறை மேல இருந்து எடுத்து லெட்டருக்கு உள்ள வெச்சுட்டேன். ஒரே வரி மாத்தம். மாத்தின குறிப்புல 'சிறு மேம்பாடு'ன்னு எழுதினேன். அது மேம்பாடுதானே? அன்னையில இருந்து ஒரு லெட்டர்கூடத் தவறலை.

பெட்டியில இருந்ததா? அதை நான் தொடலை சார். சத்தியமாத் தொடலை. பத்தொன்பதாம் தேதியில இருந்து இருபத்திமூணு நாள் பாக்கி இருந்துச்சு, அதுக்குள்ள யாராவது வந்து கேட்டா எடுத்துக் குடுத்துருவேன்னு மனசுல வெச்சிருந்தேன். ஹாஜிரா ஒரு போன் போட்டிருந்தாக்கூடக் குடுத்திருப்பேன். அதுக்கு அவ்வளவு திமிரு, போடலை. பிப்ரவரி பதினொண்ணாம் தேதி காலையில ஆபீஸ்ல யாருக்கோ பிறந்தநாள், கேக் வெட்டினாங்க. சாப்பிட்டுட்டு வந்து பார்த்தேன். அந்த நாள் லெட்டரெல்லாம் போயிருச்சு. நான் அழிக்கலை சார். அதுவா அழிஞ்சுது.

கங்கைகொண்டான் தாண்டிட்டோமா? அப்ப இன்னும் அரை மணி நேரம்தான்.

தேன்மொழிக்குப் போன வாரம் ஸ்கேன் எடுத்தோம். நாலு மணிக்கு எடுத்தாங்க, அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் வந்துருச்சு. 'பயப்படும்படி ஒண்ணுமில்ல.' அவ சாமிக்கு விளக்கேத்தினா. நான் மறுநாள் ஆபீஸ் போய் லாக்கைத் திறந்தேன். இப்பத்தான் எல்லாம் ஒழுங்கா வருதே. முன்னூத்தி நாலு படம். அந்த டாக்டர் எடுத்துக்கிட்டது அம்பத்தோரு நொடி. அப்புறம் 'அடுத்த நோயாளி'. அம்பத்தோரு நொடியில என் பொண்டாட்டி நெஞ்சு முழுக்கப் பார்த்துட்டானாம். அவ ராத்திரி பகலா இருமறா சார். நான் தூங்கி எட்டு நாள் ஆச்சு.

எல்லா டாக்டரோட லாக்கையும் வரிசையா எடுத்துப் பார்த்தேன். ஒருத்தர் கூட அஞ்சு நிமிஷத்தைத் தாண்டலை. யார்கிட்ட போவேன் நான்?

விசாரணைக் காகிதத்துல டாக்டரம்மா நம்பர் இருந்துச்சு. போன் பண்ணேன். தெரிஞ்சவங்க குடுத்தாங்கன்னு சொன்னேன். என் குரல் அவங்களுக்கு ஞாபகம் இல்ல. "ரிப்போர்ட்டா எழுதித் தர முடியாதுங்க, எனக்குத் தடை இருக்கு. பார்த்து வாயால சொல்றேன். ஆனா என்னைப் பத்திப் பேப்பர்ல படிச்சிருப்பீங்களே, உங்களுக்குப் பரவாயில்லையா?"ன்னு கேட்டாங்க. நான் சொன்னேன், "அதையெல்லாம் நான் நம்பலை டாக்டர்." அவங்க குரல் ஒரு மாதிரி ஆயிருச்சு. "இதைச் சொன்ன மொத ஆள் நீங்கதான் தம்பி. கொண்டுவாங்க. நான் மெதுவாத்தான் பார்ப்பேன், அவசரப்படுத்தாதீங்க. பொறுமையா உக்காரணும்"னாங்க.

அது பொய் இல்லையே சார்? நான் நம்பலைதானே?

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? சொல்லிருவேன். கண்டிப்பாச் சொல்லுவேன், அந்த எண்ணத்துலதான் கிளம்பினேன். ஆனா போனதும் சொல்லக் கூடாது. யோசிச்சுப் பாருங்க, மொதல்லயே சொல்லிட்டா அவங்க மனசு என்ன ஆகும்? கண்ணுல தண்ணி நிக்கும். அந்த நிலைமையில தேன்மொழி படத்தைப் பார்த்தா ஏதாவது தவறிப்போச்சுன்னா? மொதல்ல அவங்க நிம்மதியா உக்காந்து பார்த்து முடிக்கட்டும். முன்னூத்தி நாலு படம், அரை மணி நேரமாவது ஆகும். முடிச்சுட்டு என்னன்னு சொல்லட்டும். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னு வைங்க, தேன்மொழிக்குப் போன் பண்ணிச் சொல்லணும், பாவம் காத்துக்கிட்டு இருப்பா. அப்புறம் ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கணும். ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா, வைத்தியம் முடியற வரைக்கும் அவங்க தயவு வேணும். அப்பப் போய் எப்படிச் சொல்றது? நேரம் பார்த்துத்தான் சொல்லணும்.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. வர்றேன் சார், உடம்பைப் பார்த்துக்குங்க. கை குடுக்க மாட்டீங்களா? சரி, பரவாயில்ல, கையில பை வெச்சிருக்கீங்க.

எனக்கு ஒரு கவலையும் இல்ல சார். அந்தம்மா ஒரு படம் விடாமப் பார்ப்பாங்க. உலகத்துல யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எனக்கு வராது. என்கிட்டதானே ஆதாரம் இருந்துச்சு.